நடு அறைக்கு வெளிச்சம்

கிழக்கு லண்டனில் விக்டோரியா மகாராணியின் காலத்து வரிசை வீடு ஒன்றை வாங்குகிறவர்கள், சாவி கைக்கு வந்த சூட்டோடு பின்புறச் சுவரை இடித்துத் தள்ளி, அந்த இடத்தில் தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் மடக்குக் கண்ணாடிக் கதவுகளைப் பொருத்தி, இனி வெளிச்சத்துக்குக் குறைவில்லை என்று திருப்தியடைவதை இந்த ஊரில் குடியேறிய நாள் முதலாகப் பார்த்து வருகிறேன். அந்தக் கதவுகளின் அருகே நின்று காப்பி குடிக்கும்போது பிரகாசம் அபாரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து உள்ளே நடந்து, முன்னறைக்கும் அடுக்களைக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட நடு அறையை எட்டிப் பார்த்தால், பட்டப்பகலிலும் மின்விளக்கு எரிந்துகொண்டிருக்கும். முன்பு மங்கலாக இருந்த அறை இத்தனை செலவுக்குப் பிறகு இருட்டறையாகிவிட்டது என்பதை வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கவனித்தவர்களும் அதற்கு ‘டி.வி. ரூம்’ என்று ஒரு பெயரை வைத்துச் சமாதானமடைந்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டைச் சீர்திருத்தும் வேளை வந்தபோது, இந்தச் சம்பிரதாயத்தைப் பின்பற்றுவதில்லை என்ற ஒரே சங்கற்பம்தான் எங்களிடம் இருந்தது. வெளிச்சம் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் சேர்ப்பதில் என்ன பிரயோஜனம்? அது போகாத இடத்துக்கு அதை அழைத்துப் போவதல்லவா காரியம்! அந்தக் காரியம் எப்படி நடந்தது என்பதைச் சற்று விஸ்தாரமாகவே எழுதலாமென்று நினைக்கிறேன். இதே மாதிரி வீடு வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

வீடு ஈஸ்ட் ஹாமில் இருக்கிறது. 1890-களில் கட்டியது. அக்காலத்தில் ஈஸ்ட் ஹாம் லண்டனைச் சேர்ந்ததல்ல. எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தின் ஓரத்தில், காய்கறித் தோட்டங்கள் அழிந்து தெருக்கள் முளைத்துக்கொண்டிருந்த ஒரு புறநகர். 1891-ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 32,000 ஆக இருந்த ஜனத்தொகை 1901-ல் ஏறத்தாழ 96,000 ஆகிவிட்டது என்றால், அந்தப் பத்தாண்டுகளில் எத்தனை வீடுகள் எவ்வளவு அவசரத்தில் எழும்பியிருக்க வேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கட்டியவர்கள் பரோபகாரிகள் அல்லர். ஒரு தெருவில் எத்தனை வாசல்களை நெருக்கி வைக்க முடியும் என்று கணக்குப் பார்த்த ஒப்பந்தக்காரர்கள். ஆயினும் அவர்கள் கையைக் கட்டிப் போட ஒரு சட்டம் இருந்தது. 1875-ல் நிறைவேறிய பொதுச் சுகாதாரச் சட்டத்தை அனுசரித்து, 1877-ல் சர்க்கார் மாதிரி விதிகளை வகுத்தது. புதுத் தெரு 36 அடி அகலமாவது இருக்க வேண்டும்; வீட்டின் பின்னால் 150 சதுர அடியாவது திறந்த வெளி விட வேண்டும்; மனிதர் வசிக்கும் ஒவ்வோர் அறைக்கும் வெளிக்காற்றை நோக்கிய ஜன்னல் வேண்டும்; அதன் பரப்பு தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது; அதில் பாதியாவது திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். உள்ளூர் சபைகள் இவற்றைத் தத்தம் தேவைக்கேற்பத் திருத்தி எடுத்துக்கொண்டன. காலராவையும் காசநோயையும் நேரில் பார்த்த ஒரு தலைமுறை, வெளிச்சத்தையும் காற்றையும் அழகுக்காக அல்ல, உயிருக்காகவே அளந்து வைத்தது என்பது இந்த விதிகளைப் படிக்கும்போது புலப்படும்.

இங்கே ஒரு தப்பபிப்பிராயத்தைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வரும் நண்பர்களில் பாதிப் பேர், இந்த வீடுகள் இருட்டாக இருப்பதற்குக் காரணம் பழைய ஜன்னல் வரிதான் என்று எனக்கு விளக்கிவிட்டுப் போவார்கள். அந்த வரி 1696-ல் மூன்றாம் வில்லியம் காலத்தில் வந்தது உண்மை. வரிக்குப் பயந்து ஜனங்கள் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்ததும் உண்மை. ஆனால் அது 1851-லேயே ஒழிந்துவிட்டது. கண்ணாடியின் மேலிருந்த தீர்வை அதற்கும் ஆறு வருஷம் முன்பே, 1845-ல், நீங்கிவிட்டது. எங்கள் வீட்டைக் கட்டிய காலத்தில் கண்ணாடி மலிவு, வரியும் இல்லை. வீட்டின் முன்புறம் மூன்று பட்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கும் பெரிய ஜன்னலைப் பார்த்தாலே அக்காலத்தார் கண்ணாடிக்கு அஞ்சியவர்களல்லர் என்பது தெரியும். பிற்பாடு அதே ஜன்னலுக்கு வலைத்திரை, அதன் மேல் வெல்வெட் திரை, அதற்கும் மேல் குஞ்சம் என்று போர்த்தியது வேறு விஷயம். நாற்காலியின் சாயம் வெளுத்துவிடுமே என்ற கவலை, தெருவில் போகிறவன் உள்ளே பார்த்துவிடுவானே என்ற கவலை.

இருட்டின் காரணம் வீட்டின் அமைப்பில் இருக்கிறது. பதினைந்து அடி அகலம். இருபுறமும் அண்டை வீட்டோடு பொதுச் சுவர். எனவே வெளிச்சம் வரக்கூடிய திசைகள் முன்னும் பின்னும் மட்டுமே. முன்னறை தெருவைப் பார்க்கிறது. அதன் பின்னால் நடு அறை. அதற்கும் பின்னால், வீட்டின் முழு அகலத்துக்கும் அல்லாமல் ஒரு புறமாக ஒதுங்கி, கொல்லையை நோக்கி நீண்டு போகிறது ஒரு வால் கட்டு. அதில்தான் அடுக்களையும் பாத்திரம் கழுவும் அறையும் இருந்தன. அந்த வால் கட்டுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் கையை நீட்டினால் இரு சுவரையும் தொடக்கூடிய ஒரு சந்து விடப்பட்டிருக்கிறது. நடு அறையின் ஒரே ஜன்னல் இந்தச் சந்தைத்தான் பார்க்கிறது.

இந்தச் சந்து கட்டிடம் போக மிஞ்சிய இடம் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். ஒரு நாள் மேல்மாடிப் பின் ஜன்னலிலிருந்து வரிசை முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதன் சூட்சுமம் விளங்கிற்று. வால் கட்டுகள் ஜோடி ஜோடியாக, முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டிருக்கின்றன. அதனால் சந்துகளும் ஜோடி சேருகின்றன: என் வீட்டுச் சந்தும் ஒரு பக்கத்து வீட்டுச் சந்தும் நடுவில் ஒரு மட்டச்சுவர் மாத்திரம் இடையிட, ஒரே திறந்த வெளியாக இருக்கின்றன. என் நடு அறை ஜன்னல் பார்க்கிற ஆகாயத்தில் பாதி என் அண்டை வீட்டாருடையது. அவர்களுடைய நடு அறை பார்க்கிற ஆகாயத்தில் பாதி என்னுடையது. ஒப்பந்தக்காரனின் கஞ்சத்தனத்திலும் இப்படி ஒரு பங்காளி தர்மம் இருந்திருக்கிறது. இன்று இந்த வரிசையில் முக்கால்வாசிப் பேர் தத்தம் சந்தை மூடிக் கூரை போட்டுவிட்டார்கள். அடுக்களை மூன்று நான்கு அடி அகலப்பட்டது. இரண்டு குடும்பங்களின் நடு அறைகள் கண்ணை இழந்தன.

நாங்கள் முதலில் கலந்தாலோசித்த கட்டடக் கலைஞரும் இந்த யோசனையைத்தான் வரைந்து கொண்டுவந்தார். சந்தை முழுவதும் மூடுவது. பின்னால் இன்னும் மூன்று மீட்டர் நீட்டுவது. கொல்லைப்புறம் முழுவதும் கண்ணாடி. வரைபடம் கண்ணைப் பறித்தது. நடு அறையின் ஜன்னல் எங்கே என்று கேட்டதற்கு, “அது இனி ஜன்னலாக இராது, அடுக்களைக்குப் போகும் அகலமான வாசலாகிவிடும்; அந்த வழியே வெளிச்சம் வரும்” என்றார். கொல்லைக் கண்ணாடியிலிருந்து அந்த வாசல் இருபது அடிக்கு மேல் தள்ளி இருந்தது.

வேலையை ஏற்றுக்கொண்டவர் யாழ்ப்பாணத்துக்காரர். இந்தப் பகுதியில் இருபது வருஷமாக வீடுகளைப் பிரித்துக் கட்டிவருகிறவர். வரைபடத்தை மேஜைமேல் விரித்து நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “ஐயா, பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி போடுறது ஒண்டும் பெரிய வேலையில்லை. ஆனா நடு அறையில பகல்லயும் லைட் போட்டுக்கொண்டுதான் இருக்கோணும். நான் கட்டிக் குடுத்த வீடுகளிலயே பாத்திருக்கிறன்.” தம் வேலையைத் தாமே குறை சொல்லும் ஒப்பந்தக்காரர் கிடைப்பது துர்லபம். அந்தக் கணமே இவரை விடுவதில்லை என்று என் மனைவி தீர்மானித்துவிட்டாள்.

இந்த நாட்டு வெளிச்சத்தின் ஸ்வபாவத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஜன்னல் வைப்பதில் பயனில்லை. நான் பிறந்து வளர்ந்த தஞ்சாவூர்ப் பக்கத்தில் வீடு கட்டுகிறவன் சூரியனிடமிருந்து ஒளிந்துகொள்ளும் வழியைத் தேடுகிறான். லண்டன் 51 பாகைக்கும் மேலே வடக்கே இருப்பதால், டிசம்பர் கடைசியில் நடுப்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் ஏறுகிறது. எதிர் வீட்டுப் புகைபோக்கியைத் தாண்டுவதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. அந்த எட்டு மணியிலும் பெரும்பகுதி மேகமூட்டம். ஆக, இங்கே வீட்டுக்கு வெளிச்சம் தருவது சூரியன் என்பதைவிட மேகம் படர்ந்த ஆகாயம் என்பதே பொருந்தும். அந்த ஆகாயம் எல்லா இடத்திலும் ஒரே பிரகாசமாக இருப்பதில்லை. மூன், ஸ்பென்சர் என்ற இரு அமெரிக்கர்கள் 1942-ல் வகுத்த கணக்கின்படி, முழுவதும் மூடிய வானத்தில் உச்சி, அடிவானத்தைப் போல மூன்று மடங்கு பிரகாசமானது. உலகெங்கும் வெளிச்சக் கணக்குப் போடுகிறவர்கள் இன்றும் இதையே ஆதாரமாக வைத்துக்கொள்கிறார்கள். கொல்லைப்புறக் கண்ணாடிக் கதவு எவ்வளவு விசாலமாக இருந்தாலும் அது பார்ப்பது வேலியையும் வேலிக்கு மேல் தெரியும் அடிவானத்தின் ஒரு துண்டையும்தான். தலைக்கு மேலே ஒரு சிறு திறப்பு அதைவிட எத்தனையோ மேல்.

இதை உணர்ந்த பிறகு எங்கள் திட்டம் தானாகவே உருவாகிவிட்டது. சந்தை முழுவதும் மூடாமல், கொல்லையை ஒட்டிய பகுதியை மட்டும் அடுக்களையோடு சேர்த்துக்கொண்டோம். நடு அறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஏழடி நீளத்துக்குச் சந்தை அப்படியே வானம் பார்க்க விட்டுவிட்டோம். ஒருபுறம் நடு அறையின் பழைய ஜன்னல். எதிர்ப்புறம் அடுக்களையின் புதுக் கண்ணாடி. இன்னொரு புறம், வால் கட்டின் பக்கச் சுவரில் அறுத்து வைத்த ஒரு கதவு. நான்காவது, பக்கத்து வீட்டு மட்டச்சுவர். வரைபடத்தைத் திருத்தி வரைந்த பெண் கட்டடக் கலைஞர் இதற்கு என்னவோ நவீனமான பெயர் சொன்னார். என் மனைவி ஒரு தடவை பார்த்துவிட்டு, “முற்றம்னு சொன்னா ஆச்சு” என்றாள். அன்றிலிருந்து ஆங்கிலேயக் கொத்தனார்கள்கூட அதை முற்றம் என்றே அழைத்தார்கள்.

முற்றத்தின் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். லண்டன் மஞ்சள் செங்கல் பழங்காலக் கரிப்புகையில் கறுத்துப்போயிருந்ததால், சுண்ணாம்பு பூசுவதற்கு முன்னும் பின்னும் நடு அறையில் ஏற்பட்ட வித்தியாசம் பிரத்தியட்சமாகத் தெரிந்தது. தரையில் வெளிர் நிறக் கல் பதித்தபோது இன்னும் கொஞ்சம் கூடிற்று. மேலேயிருந்து இறங்கும் ஒளி முதலில் தரையில் பட்டு, அங்கிருந்து அறையின் உத்தரத்துக்குத் தாவுகிறது. உத்தரம் வெண்மையாக இருந்தால் அது அறையின் உட்கோடி வரைக்கும் பரவுகிறது. மழை நாளில்கூட அந்த அறையில் மத்தியானம் மூன்று மணி வரைக்கும் விளக்கில்லாமல் பத்திரிகை படிக்க முடிகிறது; டிசம்பரில் மட்டும் இரண்டரையோடு சரி.

இதில் எதிர்பாராத ஒரு சௌகரியமும் இருந்தது. வரிசை வீடுகளின் கழிவு நீர்க் குழாய் பல இடங்களில் பின்புறச் சந்துகளின் அடியிலேயே ஓடுகிறது. 2011 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பல வீடுகளுக்குப் பொதுவான குழாய்களெல்லாம் தண்ணீர்க் கம்பெனிகளின் பொறுப்புக்கு வந்துவிட்டபடியால், அவற்றின் மேல் கட்டுவதற்கு அவர்களுடைய சம்மதம் பெற வேண்டும். சந்தை முழுவதும் மூடியவர்கள் பலருடைய அடுக்களை நடுவே, தரையோட்டுக்கு அடியில், சாக்கடை மூடி இருக்கிறது. எங்கள் மூடி முற்றத்தில், வெயிலும் மழையும் படும்படி, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

இனி மாடிப்படி. இந்த வீடுகளில் மிக இருண்ட இடம் நடு அறை அன்று, மாடிப்படிதான். வீட்டின் நட்டநடுவே, பொதுச் சுவரை ஒட்டி, ஒரு ஜன்னலும் இல்லாமல் ஏறுகிறது. வாசற்கதவைத் திறந்தால் வரும் வெளிச்சம் கீழ் நான்கு படிகளோடு நின்றுவிடும். விக்டோரியா காலத்துக் குடும்பம் இங்கே ஒரு காஸ் விளக்கை எரியவிட்டு, அதன் கரியைச் சுவரிலும் உத்தரத்திலும் ஏற்றுக்கொண்டது. அந்த அழுக்கு தெரியாதிருக்கத்தான் சுவரின் கீழ்ப்பாதிக்குப் பழுப்பும் கரும்பச்சையும் பூசினார்களோ என்னவோ.

மாடிப்படிக்கு நேர் மேலே, கூரையின் பின் சரிவில் ஒரு கண்ணாடிச் சாளரம் வைப்பதென்று முடிவாயிற்று. கூரைக்கும் மாடி உத்தரத்துக்கும் நடுவே ஆள் குனிந்து நிற்கக்கூடிய பரண் இருப்பதால், சாளரத்திலிருந்து உத்தரம் வரைக்கும் ஒரு கூடு கட்டி வெளிச்சத்தை இறக்க வேண்டும். உத்தரத்தைப் பிரித்த நாளை எங்கள் தெருவே மறக்காது. குதிரை மயிர் கலந்த சுண்ணாம்புக் காரை, அதன் பின்னால் மெல்லிய மரச்சிம்புகள், அவற்றின் மேல் நூற்றாண்டுக் கரித்தூள்! 1956-ல் தூய காற்றுச் சட்டம் வரும் வரை இந்த நகரத்தின் ஒவ்வொரு புகைபோக்கியும் கக்கிய நிலக்கரிப் புகை, கூரைக் கற்பலகைகளின் இடுக்கு வழியே நுழைந்து அங்கே இரண்டு விரற்கடை கனத்துக்குப் படிந்திருந்தது. முதல் சிம்பைப் பிடுங்கியதும் அத்தனையும் தச்சரின் தலையில் இறங்கிற்று. கண் இரண்டு மாத்திரம் தெரிய அவர் வாசலில் போய் நின்றபோது, எதிர் வீட்டுக் குழந்தை அலறிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது.

கூட்டை எப்படிக் கட்டுவது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பலர் அதைச் சரிவுக்குச் செங்குத்தாக, ஒரு பெட்டியைப் போல நேராக இறக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வெளிச்சம் கூட்டின் சுவர்களிலேயே மோதி அடங்கிப்போகும். எங்கள் தச்சர் கூட்டின் மேற்புறப் பலகையைத் தரைக்குக் கிடையாகவும், கீழ்ப்புறப் பலகையைச் செங்குத்தாகவும் வைத்தார். பக்கப் பலகைகளைக் கீழே வரவர விரித்தார். மேலே இரண்டடி அகலமாக இருக்கும் திறப்பு, உத்தரத்தை எட்டும்போது நாலடியாகிவிடுகிறது. இடையில் வந்த ஒரு கைமரத்தை அறுத்துவிட்டு, அதன் பாரத்தைச் சுமக்க இருபுறத்துக் கைமரங்களையும் இரட்டையாக்கினார். சாளரம் வெலக்ஸ் கம்பெனியுடையது. இதற்குமுன் நடுப்படியில் தடுமாறாமல் ஏறுவது வீட்டுக்காரர்களுக்கே உரிய வித்தையாக இருந்தது. இப்பொழுது விருந்தாளிகளும் தைரியமாக ஏறுகிறார்கள். மழை பெய்தால் கண்ணாடியில் தாளம் கேட்கும் என்பதையும், குளிர்காலக் காலையில் அதன் உள்விளிம்பில் நீர் கோத்திருக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

இறங்கி வந்த வெளிச்சத்தை அறைகளுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டுமே! அதற்கு உபாயம் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் இருக்கும் சர் ஜான் சோன் வீட்டில் கிடைத்தது. சோன் விக்டோரியா காலத்தவர் அல்லர். மகாராணி பட்டத்துக்கு வந்த 1837-ஆம் ஆண்டின் ஜனவரியில் காலமானவர். ஆனால் வரிசை வீட்டுக்குள் வெளிச்சத்தை ஏமாற்றி அழைத்து வருவதில் அவரை விஞ்சியவர் இல்லை. 1833-ல் பார்லிமெண்டில் தனிச் சட்டமே நிறைவேற்றச் செய்து அவர் ஜனங்களுக்கு விட்டுப்போன அந்த வீட்டில் இன்றும் கட்டணமின்றி நுழையலாம். காலைச் சிற்றுண்டி அறையில் போய் நின்றால், நடுவே தாழ்வான ஒரு குவிமாடம்; அதன் நான்கு மூலைகளிலும் விளிம்புகளிலும் குவிந்த சிறு கண்ணாடிகள்; குவிமாடத்தின் இருபுறத்தும் கூரை உயர்ந்து, நம் கண்ணுக்குத் தெரியாத சாளரங்களிலிருந்து ஒளி சுவர் வழியே வழிகிறது. சில இடங்களில் மஞ்சள் கண்ணாடி வைத்து, லண்டன் மப்பு வெளிச்சத்தை இத்தாலிய வெயிலாக மாற்றியிருக்கிறார். ஜன்னல் எங்கே என்று தெரியாமல் வெளிச்சம் மாத்திரம் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை போலும்.

நமக்கு அவ்வளவு சாமர்த்தியமும் இல்லை, பணமும் இல்லை. நடையிலிருந்து நடு அறைக்குப் போகும் கதவின் மேல் இருந்த சுவர்ப்பகுதியை எடுத்துவிட்டு அங்கே ஒரு கண்ணாடிப் பட்டை வைத்தோம். மாடிப் படுக்கையறைக் கதவுகளுக்கு மேலும் அப்படியே. முன்னறைக் கணப்புக்கு மேலே, ஜன்னலுக்கு நேராக, ஒரு பழைய நிலைக்கண்ணாடியை மாட்டினோம். முன்னறைக்கும் நடு அறைக்கும் இடையே ஒரு காலத்தில் இருந்து, பிறகு யாரோ பலகை அடித்து மூடிவிட்ட மடக்குக் கதவுகளின் நிலையைத் திறந்தபோது, தெருவிலிருந்து முற்றம் வரைக்கும் ஒரே பார்வையாகிவிட்டது. அந்தச் சுவர் முழுவதையும் எடுத்துவிடலாமே என்று நான் கேட்டதற்கு நம் ஒப்பந்தக்காரர், “வேண்டாம் ஐயா. மேல் அறைச் சுவரும் இதுக்கு மேலதான் நிக்குது. எடுக்கிறதெண்டா பெரிய இரும்பு விட்டம் போடோணும். கதவு வழியால வாற வெளிச்சம் காணும்” என்றார். காணும் என்றால் போதும். போதுமாகத்தான் இருக்கிறது.

முன் ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியாது. மேலும் கீழுமாக வழுக்கும் இரண்டு சட்டங்கள் கொண்ட பழைய ஜன்னல். நிலையின் உட்பக்கத்தில், பெயின்ட் மூடி மறைத்திருந்த ஒரு சின்னப் பலகையை உளியால் நெம்பினால் உள்ளே ஒரு பொந்து. அதில், பக்கத்துக்கு இரண்டாக, வெள்ளரிக்காய் பருமனுக்கு வார்ப்பிரும்பு எடைக்குண்டுகள் தொங்குகின்றன. மேலே பித்தளைக் கப்பி. அதன் மேல் ஓடிச் சட்டத்தின் பக்கவாட்டில் ஆணியடித்துப் பிணைத்த பருத்திக் கயிறு. கண்ணாடியும் சட்டமும் சேர்ந்த எடையும் குண்டுகளின் எடையும் சமமாக இருப்பதால், ஒரு குழந்தை ஒரு விரலால் அந்தப் பெரிய ஜன்னலை உயர்த்தலாம். விட்ட இடத்தில் நிற்கும். எங்கள் ஜன்னலில் நான்கு கயிறுகளும் அறுந்து, குண்டுகள் பொந்துக்குள்ளே விழுந்து கிடந்தன. பழைய பூச்சில் ஈயம் இருப்பதால் அதைச் சுரண்டாமல், நனைத்துத் தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது. புதுக் கயிறு மாற்றி, கப்பிக்கு எண்ணெய் போட்டு, சட்டங்களைத் திரும்ப ஏற்றியபோது அது ஏறி இறங்கிய லாவகத்தைப் பார்க்க அக்கம்பக்கத்திலிருந்து ஆள் வந்தது.

இந்த ஜன்னல்களைக் கழற்றி எறிந்துவிட்டு வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல் வைப்பது இங்கே சர்வசாதாரணம். குளிர் தாங்கும் என்பது அதன் நியாயம். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் சட்டத்தின் பருமனை அளந்து பார்த்தவர்கள் குறைவு. பழைய மரச்சட்டம் எவ்வளவு மெலிந்தது! அதே திறப்பில் பிளாஸ்டிக்கை வைத்தால் நான்கு புறமும் கண்ணாடி குறுகி, வெளிச்சத்தில் ஒரு பங்கு சட்டத்துக்கே போய்விடுகிறது. நாங்கள் பழைய சட்டத்தை வைத்துக்கொண்டு, குளிருக்காக உட்புறத்தில் இன்னொரு மெல்லிய கண்ணாடித் தடுப்பைப் பொருத்தினோம். பழைய கண்ணாடி உருளையாக ஊதி, பிளந்து, விரித்துத் தட்டையாக்கியது. பில்கிங்டன் கம்பெனி உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறையை 1959-ல் அறிவிப்பதற்கு முன் இருந்த கண்ணாடிகளில் ஒரு மெல்லிய அலை இருக்கும். எதிர் வீட்டுச் செங்கல் வரிசை அதன் வழியே லேசாக நெளிந்து தெரிகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. என் மகனுக்குத் தலை சுற்றுகிறதாம்.

வெள்ளை வர்ணம், வெளிர் தரை, வேலிச்செடியை இடுப்பளவுக்குக் கத்தரித்தது ஆகியவை எல்லோரும் அறிந்தவை. அவற்றுக்குச் செலவும் குறைவு. உண்மையில் அவற்றை முதலில் செய்துவிட்டு, ஒரு குளிர்காலத்தை அப்படியே கழித்துப் பார்த்த பிறகுதான் சுவரில் கை வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அடுக்களையின் நீட்டிப்பில் கண்ணாடியைத் தாராளமாக வைக்கலாமென்று நினைத்தவர்களுக்குச் சட்டமும் ஒரு வரம்பு கட்டியிருக்கிறது: புதிதாகச் சேர்க்கும் தரைப் பரப்பில் 25 சதவீதமும், அதனால் மூடப்பட்ட பழைய ஜன்னல் கதவுகளின் பரப்பும் சேர்ந்ததற்கு மேல் கண்ணாடி போனால், உஷ்ணம் வீணாகாமலிருக்க வேறிடத்தில் ஈடு காட்ட வேண்டும். மடக்குக் கதவுக்காரர்கள் இதை விளம்பரத்தில் சொல்வதில்லை.

அண்டை வீட்டாரைப் பற்றித்தான் இன்னும் சொல்லவில்லை. 1996-ஆம் வருஷத்துப் பொதுச் சுவர்ச் சட்டத்தின்படி, பொதுச் சுவரில் விட்டம் செருகுவதற்கு இரண்டு மாதமும், எல்லையில் அஸ்திவாரம் தோண்டுவதற்கு ஒரு மாதமும் முன்னதாக அவர்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பதினான்கு நாளில் அவர்கள் சம்மதம் தராவிட்டால் தகராறு என்றே பாவித்து, சர்வேயரை நியமிக்க வேண்டும். சந்து ஜோடியாக இருந்த பக்கத்து வீட்டில் அப்போது வசித்த மூதாட்டி எங்கள் வரைபடத்தைப் பார்த்து, நாங்கள் ஜன்னல் எதிரே சந்தை மூடவில்லை என்று தெரிந்ததும், சர்வேயரும் வேண்டாம், கிர்வேயரும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் நடு அறையிலும் முன்பைவிட வெளிச்சம் கூடிவிட்டது. எங்கள் சுண்ணாம்புச் சுவரின் பிரதிபலிப்பு.

அவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். வாங்கியவர்கள் இளம் தம்பதிகள். சென்ற மாதம் அவர்களுடைய அறிவிப்பு எங்களுக்கு வந்தது. சந்து முழுவதும் மூடல், எல்லையில் மூன்று மீட்டர் உயரச் சுவர், பின்னால் மடக்குக் கண்ணாடி. அப்படி நடந்தால் எங்கள் முற்றம் கிணறாகிவிடும். ஆனால் இந்த நாட்டில் வெளிச்சத்துக்கும் பாத்தியதை உண்டு. 1832-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஒரு ஜன்னல் இருபது வருஷம் இடையறாமல் வெளிச்சத்தை அனுபவித்து வந்திருந்தால், அதை யாரும் மறைத்துவிட முடியாது; லண்டனின் பழைய சந்துகளில் ஜன்னல்களுக்குக் கீழே ‘ஏன்ஷியன்ட் லைட்ஸ்’ என்று பலகை மாட்டியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு வெளிச்சம் என்பதற்கும் வரையறை உண்டு. ஜன்னலுக்கு முன்பிருந்த வெளிச்சம் முழுவதையும் யாரும் கோர முடியாது, சாதாரண மனிதரின் வசதிக்குப் போதிய அளவு இருந்தால் போதும் என்று 1904-ல் பிரபுக்கள் சபை, கோல்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தப் போதிய அளவை எண்ணால் சொல்ல முனைந்த பெர்ஸி வால்ட்ரம் என்ற சர்வேயர், ஆகாயத்தில் 500-ல் ஒரு பங்காவது தெரியும் இடம் அறையில் பாதியாவது இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கை வகுத்தார். கவுன்சிலின் கட்டட அனுமதி இந்தப் பாத்தியதையை அழிக்க முடியாது.

புது அடுக்களையின் கண்ணாடிக்கு அந்த உரிமை இல்லை. அது நேற்று வந்தது. நடு அறையின் ஜன்னலோ நூறு வருஷத்துக்கு மேலாக அதே இடத்தில், அதே அளவில் இருக்கிறது. முதல் வரைபடத்தின்படி அதை வாசலாக மாற்றி மூடியிருந்தோமானால் கேட்பதற்கு ஒன்றும் இருந்திராது. வழக்கு வியாஜ்யத்தில் எனக்கு ருசி கிடையாது. அந்தப் பையனும் பெண்ணும் நல்ல மாதிரியாகவே தெரிகிறார்கள், தங்கள் நடு அறைதான் முதலில் இருளும் என்பதை அவர்களுடைய ஆள் சொல்லவில்லை, அவ்வளவுதான். எல்லைச் சுவரைத் தாழ்த்திக் கூரையைச் சரிவாக இறக்குவது, அல்லது எங்களைப் போலவே எதிரே ஏழடியைத் திறந்து விடுவது, இரண்டில் ஒன்றுக்கு வழி பார்க்கலாமென்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தோடு தேநீருக்கு வருகிறார்கள். ஒப்பந்தக்காரரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அளவுநாடாவோடு வருவதாகச் சொன்னார்.